தொப்பி வந்தது, மூக்கு வரவில்லை

'ஒன் பீஸ்' என்ற ஜப்பானியக் கடற்கொள்ளைக்காரர் கதையைப் பார்த்தவர்களிடம் அந்தக் காட்சியை விவரிக்க வேண்டியதில்லை. நாமி, கத்தி என்று இரண்டு சொல் சொன்னாலே தொண்டை அடைத்துக்கொள்ளும். அவளுடைய கிராமத்தை எட்டு வருடமாக நசுக்கி வைத்திருக்கும் கடற்கொள்ளைக்காரன் ஆர்லாங்கின் முத்திரை அவள் கையில் பச்சை குத்தப்பட்டிருக்கிறது. கிராமத்தை மீட்க அவள் திருடித் திருடிச் சேர்த்த பணம் பறிபோன நாளில், தரையில் உட்கார்ந்து அந்தப் பச்சையையே கத்தியால் குத்திக்கொள்கிறாள். பின்னாலிருந்து ஒரு கை வந்து தடுக்கிறது. கதாநாயகன் லூஃபி. அதுவரை யாரிடமும் எதையும் கேட்டிராதவள் 'எனக்கு உதவி செய்' என்று அழுகிறாள். அவன் உடனே பதில் சொல்வதில்லை. உயிரைப் போலக் காத்துவரும் தன் வைக்கோல் தொப்பியைக் கழற்றி அவள் தலையில் வைக்கிறான். சில அடி நடக்கிறான். அப்புறம்தான் வானத்தைப் பார்த்து, செய்யாமல் இருப்பேனா என்று கத்துகிறான்.

மாங்காவில், அதாவது மூலமான ஜப்பானியச் சித்திரக்கதையில், அந்த நாமியின் முகம் அழகாக இருக்காது. அதை வரையும் எய்ச்சிரோ ஓடாவின் பாத்திரங்கள் அழுதால் அப்படித்தான்: வாய் கோணும், மூக்கு ஒழுகும், கண்ணீர் கொத்துக் கொத்தாக வழியும். கோட்டில் வரைந்த அந்தக் கோணல்தான் நம்மை உடைக்கிறது. அதே கோணலை ஒரு நடிகையின் முகத்தில் அப்படியே வரவழைத்தால் உடைய மாட்டோம், கண்ணைத் திருப்பிக்கொள்வோம். 2023 ஆகஸ்ட் 31 அன்று வெளியான, மனிதர்கள் நடித்த நெட்ஃபிளிக்ஸ் தொடரில் நாமியாக வரும் எமிலி ரட் அதைவிட எவ்வளவோ குறைவாகத்தான் செய்கிறார். தொப்பி மட்டும் மாறாமல் வந்து தலையில் உட்காருகிறது.

லூஃபியின் கூட்டாளிகளில் உசோப்பின் நீள மூக்கு அதே தொடரில் இல்லை. மாங்காவில் அந்த மூக்கில்லாமல் உசோப்பை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. சாஞ்சியின் சுருண்ட புருவமும் முதல் சீசனில் இல்லை. ஸோரோவின் தலைமுடியில் பச்சை இருக்கிறது, ஆனால் அடங்கிய பச்சை. தொப்பி ஏன் வந்தது, மூக்கு ஏன் வரவில்லை? அனிமேவை, அதாவது ஜப்பானிய அனிமேஷனை, மனிதர்களை வைத்து எடுக்கும்போது எது நிற்கிறது, எது விழுகிறது என்ற முழுக் கேள்வியும் இதற்குள் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

வரைந்த உருவத்தில் எதுவும் தற்செயலாக வருவதில்லை. ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு வேலை உண்டு. ஜப்பானிய மொழியில் 'உசோ' என்றால் பொய். உசோப் ஓயாமல் பொய் சொல்கிறவன். நீள மூக்கைப் பார்த்ததும் வாசகருக்குப் பினோக்கியோ ஞாபகம் வர வேண்டும், அவ்வளவுதான் அதன் வேலை. அந்த வேலையை நடிகரின் கண்ணும் கையும் செய்துவிடும். ரப்பர் மூக்கை ஒட்டிவைத்தால் மாறாக, ஒவ்வொரு குளோசப்பிலும் நாம் ரப்பரைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம். தொப்பி அப்படியல்ல. அது லூஃபி சிறுவனாக இருந்தபோது கடற்கொள்ளைக்காரன் ஷாங்ஸ் கொடுத்தது, ஒரு நாள் பெரிய கடற்கொள்ளைக்காரனாகித் திருப்பிக் கொடுக்க வேண்டியது. கதையே அந்த வாக்குறுதியில் தொங்குகிறது. அதை எடுத்துவிட்டால் நாமியின் தலையில் வைக்க ஒன்றுமே இருக்காது.

தலைமுடி நிறங்களும் இப்படித்தான். ஒரே கை வரையும் முகங்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். கறுப்பு வெள்ளைத் தாளில் அவற்றைப் பிரித்துக் காட்டுவது முடியின் வடிவம், அனிமேவில் அதன் நிறம். மனிதர்களுக்கு அந்த உதவி தேவையில்லை. இருவர் பக்கத்தில் நின்றாலே யார் யார் என்று தெரிந்துவிடும். ஆகவே ஆரஞ்சு விக் வைத்தே தீர வேண்டும் என்று அடம்பிடிப்பதும், எல்லா நிறத்தையும் துடைத்துவிட்டு 'யதார்த்தம்' என்று சொல்வதும் ஒரே தவறின் இரண்டு பக்கங்கள். அந்த நிறம் என்ன செய்துகொண்டிருந்தது என்று இரண்டு தரப்பும் கேட்பதில்லை.

மேடையில் இந்தச் சிக்கல் வராதது எனக்கு எப்போதும் வியப்பு. 'வெர்சாயின் ரோஜா' மாங்கா 1972இல் தொடங்கியது. இரண்டே வருடத்தில், பெண்களே எல்லா வேடமும் ஏற்கும் தகராசுகா குழு அதை மேடையேற்றிப் பெரும் வெற்றி கண்டது. அனிமே 1979இல்தான் வந்தது. 2003இல் ஒரு டென்னிஸ் மாங்கா இசை நாடகமானது முதல், '2.5 பரிமாணம்' என்று தனிப் பெயரோடு அந்தக் கலை ஜப்பானில் வளர்ந்து நிற்கிறது. அங்கே நீல முடியும் சிவப்பு முடியும் யாரையும் உறுத்துவதில்லை. நாடகம் பார்க்க உட்காரும்போதே, அட்டை மரத்தை மரம் என்று ஏற்றுக்கொள்ள நாம் சம்மதித்துவிடுகிறோம். கேமரா அந்தச் சம்மதத்தைக் கேட்பதில்லை. தோலின் துளைகளைக் காட்டிவிட்டு, மேலே இருப்பது விக் என்பதையும் காட்டிவிடுகிறது.

உருவத்தை விடப் பெரிய சிக்கல் நேரம். சினிமாவில் ஒரு நொடிக்கு 24 ஃபிரேம். தொலைக்காட்சி அனிமேவில் பெரும்பாலும் ஒரு படத்தை மூன்று ஃபிரேமுக்கு அப்படியே நிறுத்தி வைப்பார்கள், அதாவது நொடிக்கு எட்டுப் படம். பேசும் காட்சியில் வாய் மட்டும் அசையும். 1963இல் ஒசாமு தெசுகாவின் 'ஆஸ்ட்ரோ பாய்' வாரம் ஒன்று என்று ஓடத் தொடங்கியபோது, காசும் நேரமும் போதாமல் கையாண்ட வழிகள் இவை. பின்னால் வந்தவர்கள் அந்தப் பற்றாக்குறையையே அழகாக்கினார்கள். இயக்குநர் ஒசாமு தெசாகி, உச்சக் கணத்தில் அசைவை நிறுத்தி, அந்த ஃபிரேமைத் தீட்டிய ஓவியம் போல உறைய வைப்பார். காற்றில் முடி மட்டும் அசைய, பாத்திரம் பத்து நொடி அப்படியே நிற்கும். அந்தப் பத்து நொடியில் அதன் மனதுக்குள் என்ன ஓடுகிறது என்பதை நாம்தான் நிரப்புகிறோம்.

ஒரு நடிகரை அப்படி நிற்கச் சொல்லுங்கள். அவர் மூச்சு விடுவார், இமைப்பார், கழுத்து நரம்பு துடிக்கும். நாம் நிரப்ப வேண்டிய இடத்தில் அவரே ஏற்கெனவே ஏதோ ஒன்றாக இருக்கிறார். அதே பத்து நொடி இங்கே 'ஏன் ஒன்றும் நடக்கவில்லை' என்று தோன்றும். சண்டையில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். 'டிராகன் பால் இசட்' தொடரில் வில்லன் ஃப்ரீஸா, கிரகம் ஐந்து நிமிடத்தில் வெடிக்கும் என்கிறான். அந்த ஐந்து நிமிடம் எபிசோடு எபிசோடாக நீள்கிறது. நமக்கு அது பொய்யாகவே படவில்லை. வரைந்த உலகில் நேரம் உணர்ச்சியின் அளவுக்கு நீளும். மனித உடல் வந்து நின்றதும் கடிகாரமும் கூடவே வந்து நிற்கிறது.

மனக்குரலும் இந்தக் கணக்கில்தான் சேரும். 'டெத் நோட்' அனிமேவில், பெயரை எழுதினால் ஆளைக் கொல்லும் நோட்டை வைத்திருக்கும் மாணவன் லைட் ஓர் உருளைக்கிழங்கு சிப்ஸ் எடுத்துத் தின்பது பெரும் போர்க்காட்சி போல இருக்கும். மேலே பாட்டு, உள்ளே அவன் போடும் கணக்கு, இரண்டும் சேர்ந்து கையசைவைத் தூக்கிப்பிடிக்கின்றன. 2017இல் அமெரிக்காவில் எடுத்த படம் கதையை சியாட்டிலுக்கு நகர்த்தியது. அதை மன்னிக்கலாம். லைட்டின் அந்தக் குளிர்ந்த கணக்கை எடுத்துவிட்டு, பதற்றப்படும் ஒரு பையனை அங்கே வைத்ததைத்தான் ரசிகர்களால் தாங்க முடியவில்லை. ஜப்பானியப் படம் 2006 ஜூனில் வந்தது. அனிமே தொடங்கியது அதே வருடம் அக்டோபரில்! 'அனிமேவின் லைவ் ஆக்‌ஷன்' என்று, அதாவது மனிதர்கள் நடித்த வடிவம் என்று, நாம் சொல்லும் பல படங்கள் உண்மையில் மாங்காவிலிருந்து நேரே வந்தவை என்பதை இந்தத் தேதிகள் காட்டுகின்றன.

இது வெறும் பெயர் பிரச்சினை இல்லை. மாங்கா மூலமாக இருந்தால், அனிமேவே ஒரு தழுவல்தான். அசைவும் நிறமும் குரலும் இசையும் அனிமே குழு போட்டவை. லைவ் ஆக்‌ஷன் எடுப்பவரும் அதே தாளிலிருந்து தொடங்கலாம். இரண்டும் அண்ணன் தம்பி. ஆனால் மூலமே அனிமேவாக இருந்தால்? அங்கே தாள் என்று ஒன்று கிடையாது. வெட்டும் இசையும் மௌனமும்தான் படைப்பு. அவற்றைக் கழித்துவிட்டுக் கதையை மட்டும் எடுத்துக்கொண்டால் கையில் நிற்பது மிகக் கொஞ்சம்.

'கௌபாய் பீபாப்' அப்படிப்பட்டது. 1998, ஷின்இச்சிரோ வதனாபே இயக்கம், 26 எபிசோடு. இசையமைத்த யோகோ கன்னோ, கேட்காத பாடல்களையும் போட்டுக் கொடுப்பார். அதைக் கேட்டு வதனாபே புதிய காட்சிகளை யோசிப்பார். இசைக்காகப் பிறந்த காட்சிகள் அந்தத் தொடரில் உண்டு. விண்வெளியில் வெகுமதிக்காகக் குற்றவாளிகளைத் தேடி அலையும் நால்வருக்கும் ஒரு நாய்க்கும் ஆளுக்கொரு கடந்த காலம். அதைப் பற்றி அவர்கள் அநேகமாகப் பேசுவதே இல்லை. நாயகன் ஸ்பைக்கின் பழைய காதலி ஜூலியாவை நாம் மொத்தமாகப் பார்ப்பதே சொற்ப நேரம். மழை, ரோஜா, கிழிந்த காகிதம், ஒரு முதுகு. எதிரி விஷஸ் முக்கியமாக வருவது ஐந்து எபிசோடில். மீதி நேரமெல்லாம் பசி, கடன், கைநழுவிப்போகும் வெகுமதி. அந்த வெறுமைக்குள்தான் ஸ்பைக்கின் துயரம் எதிரொலிக்கிறது.

2021 நவம்பர் 19 அன்று வந்த லைவ் ஆக்‌ஷனில் குறை சொல்ல முடியாத விஷயங்கள் நிறைய. கன்னோவே மறுபடி இசையமைத்தார். தொடக்கப் பாடல் கிட்டத்தட்ட ஷாட்டுக்கு ஷாட் அப்படியே. உடை, கப்பல், துப்பாக்கி எல்லாம் அக்கறையாகச் செய்தவை. ஸ்பைக்காக நடித்த ஜான் சோ நடுவில் முழங்காலில் அடிபட்டு, மாதக்கணக்கில் படப்பிடிப்பு நின்றும், திரும்பி வந்து முடித்துக்கொடுத்தார். ஸ்பைக்கின் கூட்டாளி ஜெட்டாக வரும் முஸ்தஃபா ஷகீரைப் பார்த்தால் அனிமே ஜெட் எழுந்து வந்ததுபோலவே இருக்கும். ஆனால் 24 நிமிட எபிசோடு இங்கே முக்கால் மணி நேரமாகிவிட்டது. கூடுதல் நேரத்தை எதைக் கொண்டு நிரப்புவது? விஷஸையும் ஜூலியாவையும் கொண்டு நிரப்பினார்கள். அவர்கள் வீடு, அவர்கள் சண்டை, அவர்கள் சதி. காலியாக இருந்த இடத்தில் நாற்காலி மேசை எல்லாம் போட்டுவிட்டார்கள். ஜூலியா பேசிப் பேசி, ஸ்பைக் இழந்தது என்ன என்ற கேள்வியே இல்லாமல் போனது. தொடர் வெளியாகி மூன்று வாரம் முடிவதற்குள் நிறுத்தப்பட்டது. தொடக்கக் காட்சிக்கு மேல் தன்னால் பார்க்க முடியவில்லை என்று வதனாபே பின்னர் ஒரு பேட்டியில் சொன்னார். அதைப் படித்த அன்று மனம் மிகவும் வலித்தது. உடையிலும் இசையிலும் இவ்வளவு விசுவாசம் காட்டிய ஒரு தொடரை அதைப் படைத்தவரால் பார்க்க முடியவில்லை. வெளியே தெரிந்ததெல்லாம் வந்து சேர்ந்தும், விடப்பட்டிருந்த வெற்றிடம் வந்து சேரவில்லை.

'அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்' அமெரிக்க அனிமேஷன் தொடர். அதை அனிமே என்பதா என்ற சண்டை ஓயாது, இங்கே அது தேவையுமில்லை. அதில் நீர், நிலம், நெருப்பு, காற்று நான்கையும் வசப்படுத்தும் முறைகள் நான்கு சீனத் தற்காப்புக் கலைகளிலிருந்து எடுத்தவை. நீருக்கு தாய் சி, நிலத்துக்கு ஹங் கார், நெருப்புக்கு வடக்கு ஷாவோலின், காற்றுக்கு பாகுவா. ஓர் அசைவு, அதற்கு ஒரு விளைவு. கால் தரையில் இறங்கினால் பாறை எழும். பார்க்கும் குழந்தைக்குக்கூட இந்த இலக்கணம் புரியும். 2010இல் எம். நைட் சியாமளன் எடுத்த படத்தில் பலர் கூடி நெடுநேரம் கைகால் அசைத்து ஆடி முடித்த பின், ஒரு சின்னப் பாறை மெதுவாக மிதந்து போகும். ரசிகர்கள் இன்றும் அந்த ஷாட்டை மறக்கவில்லை. கிராஃபிக்ஸ் கோளாறு என்று அதைச் சொல்வது தவறு. அசைவுக்கும் விளைவுக்கும் இருந்த முடிச்சு அவிழ்ந்துவிட்டது.

2024இல் வந்த நெட்ஃபிளிக்ஸ் தொடர் அந்த முடிச்சைத் திரும்பப் போட்டது. வேறொன்றை அவிழ்த்துவிட்டது. அனிமேஷனில் நாயகன் ஆங் பன்னிரண்டு வயதில் பொறுப்புக்குப் பயந்து ஓடிப்போகிறான், புயலில் சிக்குகிறான், நூறு வருடம் பனியில் உறைகிறான். அதற்குள் அவன் மக்கள் முழுவதும் கொல்லப்படுகிறார்கள். 'நான் ஓடிப்போனேன்' என்ற குற்ற உணர்வுதான் அவன் சிரிப்புக்கு அடியில் கிடக்கும் கனம். புதிய தொடரில் அவன் ஓடவில்லை. மனதைத் தெளிவாக்கிக்கொள்ளக் கொஞ்ச நேரம் பறந்துவிட்டு வரக் கிளம்புகிறான், வழியில் புயல். ஒரு வரி மாற்றம். பையன் நல்ல பையனாகிவிட்டான், கனம் போய்விட்டது.

சரி, நன்றாக நடந்த உதாரணம் இல்லையா? வாள்வீரன் கென்ஷினின் கதையான 'ருரௌனி கென்ஷின்' மாங்காவின் படங்கள் இருக்கின்றன. 2012 முதல் 2021 வரை ஐந்து படங்கள், எல்லாம் கெய்ஷி ஓதோமோ இயக்கியவை. அவர் தொலைக்காட்சியில் 'ரியோமாதென்' என்ற வரலாற்றுத் தொடரை எடுத்தவர். சண்டை இயக்குநர் கென்ஜி தனிகாக்கி ஹாங்காங்கில் சண்டை நடிகர் டானி யென்னோடு வேலை பார்த்தவர். கென்ஷினின் வாள், கண் பார்ப்பதற்குள் வெட்டி முடித்துவிடும். அனிமே அதை வேகக் கோடுகளாலும் ஒளிக்கீற்றாலும் காட்டும், கூடவே வீச்சின் பெயரை உரக்கச் சொல்ல வைக்கும். தனிகாக்கி கோட்டையும் ஒளியையும் கைவிட்டார். பெயர் சொல்லிக் கத்துவதையும் பெரும்பாலும் விட்டார். கென்ஷினாக வரும் தகேரு சதோ தரையோடு தரையாகக் குனிந்து, சுவரில் கால் வைத்துத் திரும்பி, நான்கு பேர் நடுவே சறுக்கிப் போகிறார். அந்த வேகம் உடலிலிருந்து வருகிறது. ஓதோமோ அதைச் சுற்றிப் புழுதி, வியர்வை, நைந்த துணி என்று ஓர் உலகத்தைப் போட்டார். சிவந்த முடி அடங்கி, பழுப்பேறியது. கன்னத்துச் சிலுவைத் தழும்பு மட்டும் மாறவே இல்லை. அந்தத் தழும்பின் கதைதானே கடைசிப் படம்.

இதையெல்லாம் யார் முடிவு செய்கிறார்கள் என்பதும் முக்கியம். 2009இல் வந்த 'டிராகன்பால் எவல்யூஷன்' படத்தின் கதையைப் படித்துவிட்டு, மூல மாங்காவை வரைந்த அகிரா தோரியாமா மாற்றங்கள் சொன்னார், யாரும் கேட்கவில்லை. முடித்து வைத்த அந்தக் கதைக்குத் தன்னைத் திரும்ப இழுத்ததில் அந்தப் படம் தந்த கோபத்துக்கும் பங்குண்டு என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். அவதாரை உருவாக்கிய இருவரும் 2020இல் நெட்ஃபிளிக்ஸ் தயாரிப்பிலிருந்து விலகினார்கள். ஓடாவுக்குக் கிடைத்ததோ அநேகமாக யாருக்கும் கிடைக்காத ஒன்று: அவருக்குத் திருப்தி வரும்வரை தொடரை வெளியிடுவதில்லை என்ற ஒப்புதல். 2017இல் அறிவித்த தொடர் வெளிவர ஆறு வருடம் ஆனது. சரியில்லை என்று அவர் சொன்ன காட்சிகளைத் திரும்ப எடுத்தார்கள். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் கப்பல்களை நிஜமாகவே கட்டினார்கள்.

ஓடாவிடம் எனக்கு மிகவும் பிடித்தது, அவர் காவல்காரராக மட்டும் நிற்கவில்லை என்பது. மாங்காவில் லூஃபியின் தாத்தா கார்ப் யார் என்று தெரிய வரவே நூற்றுக்கணக்கான அத்தியாயம் ஆகும். தொடரில் அவர் தொடக்கத்திலிருந்தே துரத்துகிறார், முதல் சீசனுக்குள்ளேயே அந்த உறவு வெளியே தெரிந்துவிடுகிறது. வாரா வாரம் சில பக்கமாக வரும் கதை நிதானமாக அலையலாம். எட்டு எபிசோடு கொண்ட சீசனுக்குப் பின்னாலிருந்து துரத்த ஓர் ஆள் வேண்டும். மூலத்தை எழுதியவருக்கே அது புரிந்திருந்தது, வழி விட்டார். கோமாளித்தனம் நிறைந்த அந்த உலகத்தை வெட்கப்படாமல் எடுத்ததும் முக்கியம். பேசும் நத்தைதான் அங்கே டெலிபோன். அதைப் பார்த்து யாரும் கண்ணடிப்பதில்லை. இன்யாக்கி கொடோய் நடிக்கும் லூஃபி, 'நான் கடற்கொள்ளைக்காரர்களின் அரசனாவேன்' என்று சொல்லும்போது துளிக்கூடக் கூச்சம் இல்லை. அந்த வசனத்தைப் பாதி மனதோடு சொல்லியிருந்தால், எவ்வளவு பெரிய கப்பலும் மிதந்திருக்காது.

இவ்வளவுக்குப் பிறகும் ஒன்றை மட்டும் யாராலும் சரிசெய்ய முடியாது. முதல் சீசன் சொல்லி முடித்தது அனிமேவின் முதல் 44 எபிசோடு அளவுக் கதையை. அனிமே 2021 நவம்பரிலேயே ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. இதே வேகத்தில் போனால் அந்த ஆயிரத்துக்கே இருபத்திரண்டு சீசனுக்கு மேல் வேண்டும். வருடத்துக்கு ஒன்று என்று வைத்தாலும் இன்றைய நடிகர்கள் நாற்பதைத் தாண்டிவிடுவார்கள். அவதார் தொடரின் இரண்டாம், மூன்றாம் சீசன்களுக்கு 2024 மார்ச்சில் ஒன்றாகவே ஒப்புதல் கிடைத்தது. அங்கே சிக்கல் இன்னும் நெருக்கமானது. கதையில் எல்லாம் ஒரு வருடத்துக்குள் முடிகிறது, நடிக்கும் சிறுவனோ வளர்ந்துகொண்டே இருக்கிறான்.

அனிமேவில் லூஃபிக்கு 1999 முதல் குரல் கொடுப்பவர் மயூமி தனாகா. தொடங்கும்போது அவருக்கு 44 வயது, லூஃபிக்கு 17. நெட்ஃபிளிக்ஸ் தொடரின் ஜப்பானிய டப்பிங்கில் இன்யாக்கி கொடோயின் வாயசைவுக்குப் பேசுபவரும் அவர்தான். ஒரு மெக்சிகோ இளைஞன் தொப்பியைக் கழற்றி நாமியின் தலையில் வைக்கிறான். கேட்பது அப்போது எழுபதை நெருங்கியிருந்த ஒரு பெண்மணியின் குரல். அதைக் கேட்கும்போது திரையில் நிற்பது லூஃபிதான்.